சுவருக்குள் போகும் ஏர்கோன் குழாய்: மூடுவதற்கு முன் என்ன பார்க்கவேண்டும்?

கேள்வி இதுதான்: செந்தூலில் பழைய கொண்டோ ஒன்றை வாங்கியிருக்கிறார் ஒரு தம்பி. ஹாலுக்கு 2 எச்.பி., இரண்டு அறைகளுக்கும் 1 எச்.பி., ஆக மூன்று ஏர்கோன் மாட்டவேண்டும். குழாயை எல்லாம் சுவருக்குள் மறைத்துவிடலாம், பத்தடிக் குழாய் விலையிலேயே சேர்த்தி என்கிறார் குத்தகைக்காரர். கட்டடம் எழும்பியபோதே பதித்த குழாய் ஒன்று ஹால் சுவரில் இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா? வேலை ஒழுங்காக நடக்கிறதா என்பதைத் தொழில் தெரியாத ஆள் எப்படிக் கண்டுபிடிப்பது?

தம்பி, எந்த பிராண்ட் நல்லது என்று கேட்காமல் குழாயைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கே ஒரு தே தாரேக் வாங்கித் தரலாம். கோலாலம்பூரில் 22 வருடமாக ஏர்கோன் மாட்டுகிறேன். இயந்திரம் தொழிற்சாலையிலேயே சோதிக்கப்பட்டு, கேஸ் அளந்து அடைக்கப்பட்டு வருகிறது. உங்கள் வீட்டில் நாங்கள் சேர்ப்பது இரண்டு செப்புக் குழாய், நான்கு இணைப்பு, ஒரு தண்ணீர்க் குழாய், கொஞ்சம் வயர். ஒரே வருடத்தில் "கேஸ் தீர்ந்துபோச்சு" என்று கூப்பிடும் வீடுகளில் கோளாறு பெரும்பாலும் நாங்கள் சேர்த்த இந்தப் பகுதியில்தான் இருக்கும். கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. மூடிய வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை.

ஹால் குழாயிலிருந்து தொடங்குகிறேன். மலேசியாவில் ஆர்22 என்ற பழைய வகை கேஸில் ஓடும், 2.5 எச்.பி. வரையிலான ஏர்கோன்களைப் புதிதாகத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் 2015இல் நிறுத்தப்பட்டன. உங்கள் கட்டடம் அதற்கு முந்தியது என்றால் சுவருக்குள் கிடப்பது ஆர்22 காலத்துக் குழாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஆர்32. ஏர்கோனை அணைத்துவிட்டு 30 டிகிரி வெயிலில் சும்மா கிடக்கவிட்டால் ஆர்22 குழாயில் சுமார் 160 பி.எஸ்.ஐ. அழுத்தம் நிற்கும், ஆர்32 என்றால் சுமார் 265. பழைய குழாய் இந்தக் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கவேண்டும். அதோடு ஆர்22 இயந்திரத்தில் இருந்தது தாது எண்ணெய். புது இயந்திரத்தில் வேறு வகை எண்ணெய். பழைய எண்ணெயும் கறுப்பு மண்டியும் குழாயில் ஒட்டியிருந்தால் புது எண்ணெயைக் கெடுக்கும்.

அப்படியானால் பழையதை வேண்டாம் என்று தள்ளிவிடலாமா? உடனே வேண்டாம். மூன்றைப் பாருங்கள். ஒன்று, அளவு. 2 எச்.பி. இயந்திரத்துக்குப் பெரும்பாலும் 1/4 அங்குலச் சின்னக் குழாயும் 1/2 அங்குலப் பெரிய குழாயும் வேண்டும். பதித்த குழாய் 1/4, 3/8 ஜோடியாக இருந்தால் பேச்சே இல்லை, வேண்டாம். (அளவைச் சொல்லவேண்டியது இயந்திரத்தோடு வரும் கையேடு. குத்தகைக்காரரின் ஞாபகசக்தி அல்ல.) இரண்டு, முனைகள் மூடியிருந்தனவா? பல வருடம் வாய் திறந்து கிடந்த குழாய்க்குள் சிமெண்டுத் தூள், எறும்பு, தண்ணீர் எல்லாம் இருக்கும். மூன்று, அது அழுத்தம் தாங்குமா? இதற்குத்தான் நைட்ரஜன் சோதனை, கீழே சொல்கிறேன்.

புதுக் குழாயில் எல்லாரும் சண்டை போடுவது தடிமனுக்கு. கடையில் ஜி எண் சொல்வார்கள். எண் ஏற ஏறத் தடிமன் குறையும்: 21 என்றால் 0.81 மி.மீ., 22 என்றால் 0.71, 23 என்றால் 0.61. ஆர்32 கையேடுகள் 1/2 அங்குலம் வரை 0.8 மி.மீ. கேட்கின்றன, 5/8க்கு 1 மி.மீ. "0.61 போட்டால் வெடிச்சிருமா அண்ணே?" என்று கேட்டால், நேர்மையாகச் சொல்கிறேன், வெடிக்காது. நல்ல செப்புக் குழாய் ஆர்32 அழுத்தத்தைவிடப் பல மடங்கு தாங்கும். பெரும்பாலான வீட்டு ஏர்கோன்களில் கேஸை விரிக்கும் பகுதி வெளி யூனிட்டிலேயே இருப்பதால், ஓடும்போது சுவரில் இருக்கும் இரண்டு குழாய்களுமே குறைந்த அழுத்தப் பக்கம்தான். மெல்லிய குழாயின் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வளைக்கும்போது நசுங்கும். முனையை விரித்துப் பிளேர் அடிக்கும்போது விளிம்பு இன்னும் மெலிந்து, நட்டை இறுக்கும்போது மயிரிழை அளவில் பிளக்கும். பிறகு வருடக்கணக்கில் அதிர்வு. சுவருக்கு வெளியே டிரங்கிங்கில், அதாவது குழாயை மூடும் பிளாஸ்டிக் உறையில், போகும் குழாய் என்றால் 0.71க்கு நான் கண்ணை மூடிக்கொள்வதுண்டு. சுவருக்குள் என்றால் 0.81க்குக் குறைந்து தொடமாட்டேன். குழாயை வெட்டியதும் வெட்டுமுகத்தைப் பாருங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், திருப்பி அனுப்புங்கள்.

மறைக்கலாமா என்பது அடுத்த கேள்வி. சுவரைத் தட்டிப் பாருங்கள். செங்கல் என்றால் காடி, அதாவது குழாய் போகும் பள்ளம், வெட்டலாம். கோலாலம்பூரில் இப்போது வரும் பல கொண்டோக்களில் அறைச் சுவரே வார்த்த கான்கிரீட். அதை வெட்ட மேனேஜ்மெண்ட் ஆபிஸ் விடாது, விடவும் கூடாது, அது கட்டடத்தைத் தாங்கும் சுவர். உங்களுடையது பழைய கட்டடம், செங்கலாக இருக்கலாம். ஆனாலும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என் சொந்த அபிப்பிராயம்: வெள்ளை டிரங்கிங் அசிங்கம் என்று சொல்கிறவர்கள், பத்து வருடம் கழித்து டைல்ஸை உடைத்துப் பார்த்ததில்லை. பிளாஸ்டர் சீலிங் போடப்போகிறீர்கள் என்றால் அதற்கு மேலே ஓட்டுவது நடுவழி. சுவருக்குள்தான் வேண்டும் என்று வீட்டில் அம்மா சொல்லிவிட்டார்கள் என்றால், ஒரே ஒரு நிபந்தனை: சுவருக்குள் இணைப்பு கிடையாது. ஒரு முனை உள் யூனிட்டுக்குப் பின்னால், மறு முனை வெளியே, நடுவில் ஒரே குழாய். ஒரு சுருள் 50 அடி வரும். கொண்டோ அறைக்கு அது தாராளம். மிச்சம் பிடிப்பதற்காகத் துண்டு துண்டாக ஒட்டவேண்டிய தேவையே இல்லை.

அந்தப் பத்தடிக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பத்தடி என்றால் 3 மீட்டர். அறைக்கு நேர் பின்னாலேயே வெளி யூனிட் நின்றால் போதும்; ஹாலிலிருந்து பால்கனித் திட்டுக்குச் சுற்றிக்கொண்டு போனால் 25 அடி, 30 அடி ஆகும். மிச்சத்துக்கு அடிக்கு எவ்வளவு, எந்தத் தடிமன் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன் எழுத வையுங்கள். இன்னொன்று, தொழிற்சாலையில் அடைத்த கேஸ் குறிப்பிட்ட நீளத்துக்குத்தான், பல இயந்திரங்களில் 7.5 அல்லது 10 மீட்டர். அதைத் தாண்டினால் மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கையேட்டில் இருக்கும், அதைத் தராசில் நிறுத்து ஏற்றவேண்டும். அழுத்தம் காட்டும் கேஜ் முள்ளைப் பார்த்து "இவ்வளவு போதும்" என்பது இன்வெர்ட்டர் இயந்திரத்தில் ஊகம் மட்டுமே. ஏனென்றால் கம்ப்ரசரின் வேகம் மாறிக்கொண்டே இருக்கும், அழுத்தமும் கூடவே மாறும்.

இனி இணைப்பு. பிளேர் அடிப்பது பார்க்க ஐந்து நிமிட வேலை. செய்கிற கையைப் பார்த்தாலே ஆளைத் தெரிந்துவிடும். குழாயைக் கட்டரால் வெட்டவேண்டும், ரம்பத்தால் அல்ல. வெட்டிய வாயின் உள்விளிம்பில் நிற்கும் பிசிறைச் சுரண்டும்போது குழாயின் வாய் கீழ்நோக்கி இருக்கவேண்டும், இல்லையென்றால் செப்புத் துகள் உள்ளே விழுந்து பிறகு கம்ப்ரசருக்குப் போகும். நட்டை முதலில் மாட்ட மறந்துவிட்டு, பிளேர் அடித்து முடித்தபிறகு தலையில் அடித்துக்கொள்வது எங்கள் எல்லாருக்கும் நடந்ததுதான். விரித்த முகம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக, ஒரு கோடுகூட இல்லாமல் இருக்கவேண்டும். விரிந்த வாயின் அகலம் 3/8க்கு 13.2 மி.மீ., 1/2க்கு 16.6. ஆர்22 காலத்து அளவு இதைவிடச் சிறியது. பழைய கருவியைப் பழைய கணக்கிலேயே பயன்படுத்தினால் பிடிப்புக் குறையும். முகத்தில் ஒரு சொட்டு குளிர்பதன எண்ணெய், கையால் மூன்று நான்கு சுற்று, பிறகு இரண்டு ஸ்பேனர். ஒன்று பிடித்துக்கொள்ள, இன்னொன்று அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச். 1/4க்கு சுமார் 16 நியூட்டன் மீட்டர், 3/8க்கு 36, 1/2க்கு 55. "எனக்குக் கையே டார்க் ரெஞ்ச்" என்று சொல்லும் அண்ணன்மார்களை நான் மதிக்கிறேன், அவர்கள் இறுக்கி உடைத்த நட்டுகளையும் மாற்றியிருக்கிறேன்.

ஆர்32 சற்றே தீப்பிடிக்கும் தன்மையுள்ளது. பயப்படுகிற அளவுக்கு இல்லை, 1 எச்.பி. இயந்திரத்தில் இருப்பது ஏறக்குறைய அரைக் கிலோதான். ஆனால் அதற்கென்று விதி இருக்கிறது: வீட்டுக்குள் இருக்கும் பிளேரைக் கழற்றினால், அதே பிளேரை மறுபடி மாட்டக்கூடாது, வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக அடிக்கவேண்டும். வீடு மாறும்போது பழைய ஏர்கோனைக் கொண்டுவந்து மாட்டுகிறவர்கள் இதை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள்.

எங்கேயாவது தவிர்க்க முடியாமல் நெருப்பு வைத்து ஒட்டவேண்டி வந்தால், குழாய்க்குள் நைட்ரஜனை மெதுவாக ஓடவிட்டுக்கொண்டே ஒட்டவேண்டும். இல்லையென்றால் உள்சுவரில் கறுப்புச் செதில் படியும். வெளியே பார்க்க இணைப்பு தங்கம் மாதிரி மின்னும். உள்ளே உதிரும் செதில் இயந்திரத்துக்குள் இருக்கும் மெல்லிய குழாயிலும் வடிகட்டியிலும் போய் அடைக்கும். நான் தொழில் கற்றுக்கொண்டிருந்த காலத்தில், ஈப்போ சாலைப் பக்கம் ஒரு கடைவீட்டில் நைட்ரஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறச் சோம்பல்பட்டு, சும்மாவே ஒட்டினேன். ஆறு மாதத்தில் இயந்திரம் அடைத்து, என் சம்பளத்தில் பிடித்தார்கள். அதற்குப் பிறகு எத்தனை மாடியானாலும் சிலிண்டர் என்னோடு ஏறும்.

இப்போது நீங்கள் கட்டாயம் கூடவே நிற்கவேண்டிய கட்டம். சுவரில் குழாய் பதித்தாகிவிட்டது, கொத்தனார் சிமெண்டைக் குழைத்துக்கொண்டு நிற்கிறார். நிறுத்துங்கள். குழாயின் முனைகளை அடைத்து நைட்ரஜன் ஏற்றவேண்டும். ஒரேயடியாக அல்ல: முதலில் 5 பார், சில நிமிடம் காத்திருந்து 15 பார், அப்புறம் கையேடு சொல்லும் உச்சம். ஆர்32க்கு அது வழக்கமாக 41.5 பார், அதாவது 600 பி.எஸ்.ஐ. கேஜ் முள்ளைப் போனில் படம் எடுங்கள், நேரத்தையும் அறை வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் விடுங்கள். மறுநாள் காலையில் முள் 15 பி.எஸ்.ஐ. இறங்கியிருந்தால் உடனே சண்டைக்குப் போகவேண்டாம். மதியம் 33 டிகிரியில் ஏற்றி, விடியற்காலை 25 டிகிரியில் பார்த்தால் குளிர்ச்சியாலேயே அவ்வளவு இறங்கும். அதே மதிய வேளையில் மறுபடி பாருங்கள், பழைய இடத்துக்கே வந்திருக்கவேண்டும். வரவில்லையென்றால் ஓட்டை.

இந்தச் சோதனையை ஆக்சிஜன் வைத்து யாராவது செய்யப்போனால் வீட்டைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். நைட்ரஜன் தீர்ந்துவிட்டது, வெல்டிங் சிலிண்டர் கையிலேயே இருக்கிறது என்று செய்கிறவர்கள் உண்டு. அழுத்தத்தில் ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும்.

சோதனை முடிந்ததும், மூடுவதற்கு முன், அளவு நாடாவைச் சுவரில் ஒட்டிவைத்துக் குழாய் போகும் பாதை முழுவதையும் படம் எடுங்கள். கெப்போங்கில் ஒரு வீட்டில் எல்லாம் சரியாகச் செய்தேன், இதை மட்டும் செய்யவில்லை. மூன்று மாதம் கழித்து அலமாரி மாட்ட வந்த தச்சர் திருகாணியை நேராகக் குழாயிலேயே இறக்கிவிட்டார். திருகாணியே ஓட்டையை அடைத்துக்கொண்டதால் கேஸ் உடனே போகவில்லை, மாதக்கணக்கில் கசிந்தது. கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. அலமாரி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது: வினிகர் மாதிரிப் புளித்த வாசனை வரும் சிலிக்கானைச் செப்புக் குழாய்க்குப் பக்கத்தில் அடிக்கவிடாதீர்கள். அந்த அமில ஆவி ஈரத்தோடு சேர்ந்து செம்பை எறும்புப் புற்று மாதிரி அரிக்கும்.

இன்சுலேஷனுக்கு வருவோம். நம் ஊரில் தோற்றுப்போவது பெரும்பாலும் இதுதான். கோலாலம்பூர்க் காற்றில் உள்ள ஈரம் 24, 25 டிகிரியிலேயே தண்ணீராக மாறத் தொடங்கும். குழாயோ 10 டிகிரியைச் சுற்றி. ரப்பரில் ஒரு விரல் இடைவெளி விட்டால் போதும், பிளாஸ்டர் சீலிங்கில் மஞ்சள் வட்டம் வந்துவிடும். பெரிய குழாய்க்கு மட்டும் போட்டுவிட்டுச் சின்னதை வெறுமனே விடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். மேலே சொன்னேனே, கேஸ் வெளி யூனிட்டிலேயே விரிந்துவிடுவதால் சின்னதும் குளிரும். இரண்டுக்கும் தனித்தனியாகக் கறுப்பு ரப்பர் வேண்டும், ஒரே உறைக்குள் இரண்டையும் திணிக்கக்கூடாது. சுவருக்குள்ளும் சீலிங்குக்கு மேலும் 13 மி.மீ. கேளுங்கள், 9 மி.மீ. மலிவு, ஆனால் மூடிய இடத்தில் வியர்க்கும். ரப்பர்த் துண்டுகள் சேரும் இடத்தைப் பசையால் ஒட்டவேண்டும். டேப்பை இறுக்கிச் சுற்றினால் ரப்பர் நசுங்கி, நசுங்கிய இடத்தில் வியர்க்கும். காடியைப் போதுமான அகலத்துக்கு வெட்டாமல் குழாயைச் சுத்தியலால் தட்டி உள்ளே அமுக்கினாலும் இதே கதிதான். பிளேர் நட்டின் மேல் ரப்பரைக் கடைசியாக, சோதனையெல்லாம் முடிந்தபிறகுதான் போடவேண்டும். வெளியில் வெயில் படும் இடத்தில் கறுப்பு ரப்பர் சில வருடத்தில் பொடிப்பொடியாக உதிரும். அங்கே டிரங்கிங் வேண்டும்.

தண்ணீர்க் குழாயையும் இதோடு சேர்த்தே பாருங்கள். மீட்டருக்கு 1 செ.மீ.யாவது சரிவு, வழி நெடுக எங்கும் மேலே ஏறக்கூடாது, வீட்டுக்குள் ஓடும் தூரம் முழுக்க அதற்கும் ரப்பர். மாட்டியதும் ஒரு பாட்டில் தண்ணீரை உள் யூனிட் தட்டில் ஊற்றி, மறுமுனையில் வருகிறதா என்று பாருங்கள். கீழ்வீட்டுச் சீலிங்கில் சொட்டினால் அது உங்கள் பிரச்சினை மட்டுமல்ல. அடுக்குமாடி வீடுகளுக்கான 2015ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா பராமரிப்பு விதிமுறைகளில் மாடிகளுக்கிடையே கசிவதற்கென்றே தனிப் பகுதி உண்டு, மேனேஜ்மெண்ட் வந்து சோதித்து மேல்வீட்டுக்காரரைச் சரிசெய்யச் சொல்லும். சுவரில் போடும் ஓட்டை வெளிப்பக்கம் தாழ்ந்திருக்கவேண்டும், மாட்டியபின் புட்டியால் அடைக்கவேண்டும். மழைக்கு மட்டுமல்ல, அந்த வழியாக வந்து சர்க்யூட் போர்டில் படுத்துச் செத்த பல்லிகள் எனக்கு நிறைய வேலை கொடுத்திருக்கின்றன.

கடைசிக் கட்டம் வெக்யூம்: குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து இழுப்பது. சிலர் கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டு, அது காற்றைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும் என்பார்கள். அதை அனுமதிக்காதீர்கள். காற்று கொஞ்சம் தங்கினாலும் அழுத்தம் ஏறும், மின்சாரம் கூடும். தீப்பிடிக்கும் கேஸை வீட்டில் ஊதிவிடுவது தனித் தவறு. ஈரம் இன்னும் மோசம்: புது எண்ணெய் ஈரத்தைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி அமிலமாகும். பம்ப் வைத்து இழுக்கும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறுகிறது, அதற்குத்தான் நேரம் வேண்டும். சாதாரண கேஜ் முள் ஐந்து நிமிடத்திலேயே அடியைத் தொட்டுவிடும், அதை நம்பக்கூடாது. வெக்யூமை நுட்பமாக அளக்கும் மைக்ரான் கேஜ் வைத்து 500க்குக் கீழே போகும்வரை இழுக்கவேண்டும். பிறகு பம்ப் வால்வை மூடிப் பத்து நிமிடம் பாருங்கள். எண் கொஞ்சம் ஏறி ஓர் இடத்தில் நின்றுவிட்டால் உள்ளே இன்னும் ஈரம், மறுபடி இழுக்கவேண்டும். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு. மைக்ரான் கேஜ் இல்லாத ஆளாக இருந்தால் ஒரு மணி நேரமாவது இழுக்கச் சொல்லுங்கள். மூன்று இயந்திரத்தையும் மதியத்துக்குள் முடித்துவிட்டுப் போகிறேன் என்கிறவரிடம் இந்த நேரம் எங்கே என்று கேளுங்கள்.

சட்டம் பற்றிக் கேட்பீர்கள். வீட்டு ஏர்கோன் குழாயைப் பார்க்க எந்த அதிகாரியும் வாசலில் வந்து நிற்பதில்லை, அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன். உங்களுக்குக் கையில் இருக்கும் ஆயுதம் இயந்திரத்தின் கையேடு. அதை மீறினால் வாரண்டிக்கு வழக்குப் பேச முடியாது. ஆளை எடுக்கும்போது, சுற்றுச்சூழல் துறைத் திட்டத்தின் சி.எஸ்.டி.பி. (சான்று பெற்ற சர்வீஸ் டெக்னீஷியன்) சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். குளிர்பதன வாயுக்களை நிர்வகிக்க அந்தத் துறைக்கு 2020இல் வந்த விதிமுறைகள் உள்ளன. பழைய ஆர்22 ஏர்கோன் ஏதும் சுவரில் இருந்தால் அதன் கேஸைச் சிலிண்டரில் மீட்டு எடுக்கவேண்டும், பால்கனியில் ஊதக்கூடாது. மின் இணைப்பை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் செய்யட்டும், ஒவ்வொரு ஏர்கோனுக்கும் தனி வயர், தனி பிரேக்கர்.

இப்போது உங்கள் செந்தூல் வீட்டுக்கு: அறைகள் இரண்டுக்கும் டிரங்கிங் போட்டுவிடுங்கள், வெளி யூனிட் பக்கத்திலேயே இருக்கிறது. ஹாலில் உள்ள குழாய் 1/2 அங்குலமாக இருந்தால், முனையில் ஒரு துண்டு வெட்டித் தடிமனை அளந்து, நைட்ரஜனால் நன்றாக ஊதிச் சுத்தம் செய்து, 24 மணி நேரச் சோதனை வையுங்கள். முதல் நாள் எண், மறுநாள் எண், இரண்டு நேரத்து வெப்பம், வெட்டிய துண்டின் படம், இவற்றை அனுப்புங்கள். பார்த்துவிட்டு அதை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று சொல்கிறேன்.